குழாய் ஒருவருக்கு, ரசீது இன்னொருவருக்கு: வாடகை வீட்டுத் தண்ணீர்க் கட்டணத்தின் வரலாறு

இந்திய நகரங்களில் வாடகைக்குக் குடியிருப்போர் மாதந்தோறும் செலுத்தும் தொகைகளுள் கணக்குக் கேட்க முடியாத ஒன்று உண்டு. அது தண்ணீருக்கான தொகை. மின்சாரத்திற்கு மீட்டர் இருக்கிறது; சமையல் எரிவாயுவுக்குச் சீட்டு இருக்கிறது. தண்ணீருக்கு மட்டும் 'வீட்டுக்கு இவ்வளவு', 'தலைக்கு இவ்வளவு' என்று உரிமையாளர் சொல்வதே கணக்காகிவிடுகிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகர்ப்புறக் குடும்பங்களில் 27.5 சதவீதம் வாடகை வீடுகளில் வாழ்ந்தன. அவர்கள் பயன்படுத்தும் நீருக்கு நகராட்சி அனுப்பும் ரசீது பெரும்பாலும் அவர்கள் பெயரில் வருவதில்லை. கட்டடத்தின் பெயரில், உரிமையாளரின் கைக்கு வருகிறது.

இந்த ஏற்பாடு தற்செயலாக அமைந்ததன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றைத் தெளிவாகக் காட்டும் நகரம் பம்பாய், இன்றைய மும்பை.

குழாய் வருவதற்கு முன் பம்பாய்த் தீவு குளங்களையும் கிணறுகளையும் நம்பியிருந்தது. அவற்றுள் பல, வணிகர்கள் அறச்செயலாக வெட்டுவித்தவை. தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது புண்ணியமாகக் கருதப்பட்டதைப் போலவே அங்கும் நீர் வழங்குவது கொடையாகக் கருதப்பட்டது. சி.பி. டேங்க், தோபி தலாவ் என்னும் இடப்பெயர்களில் அந்தக் குளங்களின் நினைவு இன்றும் தங்கியிருக்கிறது; குளங்கள்தாம் இல்லை. 1725இல் ஒரு பார்சி வணிகர் வெட்டுவித்த பீக்கா பெஹ்ராம் கிணறு இன்றும் இருக்கிறது. அக்காலத்தில் தண்ணீரின் விலை என்பது அதைச் சுமந்து வருபவரின் கூலியே. நீருக்கென்று தனி விலை இல்லை.

பஞ்சு வணிகமும் துறைமுகமும் வளர்ந்தபோது இந்த ஏற்பாடு போதவில்லை. 1850களில் மழை குறைந்த ஆண்டுகளில் குளங்கள் வற்றின. ஹென்றி கானிபேர் என்னும் பொறியாளர் முன்வைத்த திட்டப்படி, தீவுக்கு வடக்கே விகார் பள்ளத்தாக்கில் அணை கட்டப்பட்டு 1860இல் குழாய் வழியாக நகருக்கு நீர் வந்தது. பின்னர் 1879இல் துளசி ஏரியும், 1892இல் தான்சா ஏரியும் சேர்ந்தன. ஒவ்வொரு திட்டத்திற்கும் பெருங்கடன் வாங்க வேண்டியிருந்தது. கடனுக்கு வட்டி கட்ட நிலையான வருவாய் வேண்டும். அந்த வருவாயை யாரிடம், எந்த அளவுகோலில் வாங்குவது என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

1888ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டம் அதற்கு அளித்த விடை இன்றளவும் நீடிக்கிறது. தண்ணீர் வரி, சொத்து வரியின் ஒரு பகுதியாக்கப்பட்டது. ஒரு கட்டடத்தை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று மதிப்பிட்டு, பழுதுபார்ப்புக்காகப் பத்து சதவீதம் கழித்து, எஞ்சிய 'வரி மதிப்பில்' குறிப்பிட்ட சதவீதம் தண்ணீருக்காக வாங்கப்பட்டது. வாடகைக்கு விடப்பட்ட கட்டடத்தில் வரி கட்டும் முதற்பொறுப்பு உரிமையாளருடையது. மீட்டர் பொருத்தி அளந்து வசூலிக்கவும் சட்டத்தில் இடமிருந்தது. குடியிருப்புகளைப் பொறுத்தவரை வரி மதிப்பே நெடுங்காலம் பொது வழியாக இருந்தது.

நிர்வாக நோக்கில் இதற்குக் காரணம் எளிது. நூறு குடும்பங்கள் வாழும் கட்டடத்தில் நூறு பேரைத் தேடி அலைவதைவிட ஓர் உரிமையாளரிடம் வசூலிப்பது மலிவு. கட்டடம் ஓடிப்போகாது, குடியிருப்பவர் ஆலை மூடினால் ஊருக்குப் போய்விடுவார். அரசியல் நோக்கிலும் இது பொருந்தியது. அன்றைய மாநகராட்சியில் வாக்குரிமை பெரும்பாலும் வரி செலுத்துவோருக்கு உரியது. தண்ணீரை உடைய நகராட்சியும் கட்டடத்தை உடைய முதலாளியும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டில் தண்ணீரைக் குடிப்பவர் ஒரு தரப்பாகவே இடம்பெறவில்லை. சட்டம் அவரை நினைத்துப் பார்த்த ஓரிடம் உண்டு. உரிமையாளர் வரி கட்டத் தவறினால் குடியிருப்பவரிடம் கேட்டு வாங்கலாம். அவர் அதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரமும் நகராட்சிக்கு இருந்தது. தவறு உரிமையாளருடையது, வறண்டுபோவது குடியிருப்பவரின் குடம்.

ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த 'சாள்' கட்டடங்களில் இந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். நீண்ட நடைக்கூடம், அதை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள், மாடியின் கோடியில் அல்லது முற்றத்தில் பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. ஓர் அறையில் ஒரு குடும்பமோ, ஊரை விட்டு வந்த பல ஆண்களோ தங்கியிருப்பார்கள். தண்ணீருக்கென்று தனிக்கட்டணம் கிடையாது. அது வாடகைக்குள் அடங்கியது. யார் எத்தனை குடம் பிடிக்கிறார் என்பதை அளப்பவர் இல்லை. ஆனால் குழாய் எப்போது திறக்கும், பழுதானால் எப்போது சரிசெய்யப்படும், கூடுதல் குழாய் வைக்கப்படுமா என்பவை உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்திருந்தன. விலை கண்ணுக்குத் தெரியாமல் போனபோது உரிமையும் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சார்பு மேலும் இறுகியது. 1911இல் மலேரியா குறித்து ஆய்ந்த மருத்துவர் பென்ட்லியின் அறிக்கை, நகரின் கிணறுகளே கொசுக்கள் பெருகும் இடங்கள் என்று காட்டியது. அதைத் தொடர்ந்து கிணறுகளை மூடும் நடவடிக்கை வேகம் பெற்றது. சமயச் சடங்குகளுக்குக் கிணற்று நீர் வேண்டும் என்று பார்சிகளும் இந்துக்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். நோய்த் தடுப்பு என்னும் அளவில் அந்த நடவடிக்கைக்கு நியாயம் இருந்தது. ஆயினும் அதன் உடன்விளைவு ஒன்று உண்டு. முற்றத்துக் கிணறு மூடப்பட்ட கட்டடத்தில் வாழ்ந்தவருக்கு, உரிமையாளரின் குழாயைத் தவிர வேறு போக்கிடம் குறைந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் வாடகை ஏறியபோது, 1918இல் பம்பாயில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இந்தியாவில் இவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், 1940 செப்டம்பர் 1 அன்று நிலவிய வாடகையை அடிப்படையாகக் கொண்டு 'நிர்ணய வாடகையை' உறையவைத்தது. வாடகையை உயர்த்த முடியாத உரிமையாளருக்கு, பழைய குடியிருப்பாளரை வெளியேற்றினால்தான் ஆதாயம். வெளியேற்றச் சட்டம் தடை. அந்நிலையில் கையிலிருந்த எளிய கருவி குழாயின் திருகு.

சட்டம் இயற்றியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, நியாயமான காரணமின்றி உரிமையாளர் இன்றியமையாத வசதிகளைத் துண்டிப்பதைத் தடைசெய்தது. அவ்வசதிகளின் பட்டியலில் முதலில் நிற்பது தண்ணீர். மின்சாரம், நடைவழி விளக்கு, மின்தூக்கி, துப்புரவு ஆகியவை அதன்பின் வருகின்றன. அப்பிரிவின் விளக்கம் இன்னும் நுட்பமானது. உரிமையாளர் செய்த அல்லது செய்யத் தவறிய ஒன்றின் காரணமாக நகராட்சியே இணைப்பைத் துண்டித்தாலும், உரிமையாளர் தண்ணீரை மறுத்ததாகவே கொள்ளப்படும் என்றது அது. வரியைக் கட்டாமல் விட்டு, நகராட்சியின் கையால் குழாயை மூடச் செய்யும் வழக்கம் பரவலாக இருந்திராவிட்டால் இப்படி ஒரு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் தன் 29ஆம் பிரிவில் இதைத் தொடர்ந்தது.

அதே 1947ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாளருக்கும் ஒரு கதவைத் திறந்து வைத்தது. நகராட்சி வரிகள் உயர்ந்தால், அந்த உயர்வைக் குடியிருப்பவரிடம் 'அனுமதிக்கப்பட்ட உயர்வாக' வாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு சட்டச் சிக்கல் பிறந்தது. அப்படி வாங்கும் தொகை வாடகையா, வேறு கட்டணமா? வாடகை என்றால், அதைக் கட்டத் தவறியவரை வெளியேற்ற வழி உண்டு. வாடகை அன்று என்றால், அது சாதாரணக் கடன். வழக்குப் போட்டு வசூலிக்கலாம், வீட்டைப் பறிக்க முடியாது. கல்கத்தாவின் கர்னானி பிராப்பர்ட்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாடகை என்னும் சொல் கட்டடத்திற்கு மட்டுமன்றி, உடன்பாட்டின்படி உரிமையாளர் வழங்கும் மின்சாரம் முதலிய வசதிகளுக்குச் செலுத்தும் தொகையையும் உள்ளடக்கும் என்று விரிவாகப் பொருள்கொண்டது. இந்தப் பொருள்கோள் இருமுனைக் கத்தி. வசதிகளுக்கான தொகை வாடகைக்குள் வந்தால் உரிமையாளர் அதை நினைத்தபடி உயர்த்த முடியாது. அதுவே நிலுவையானால் வீட்டை இழக்கும் காரணமாகவும் ஆகலாம். தண்ணீருக்கென்று பேசிக்கொண்ட சிறுதொகைக்கும் இந்தக் கத்தியின் இரு முனைகளும் பொருந்தும்.

வாடகை உறைந்ததன் இன்னொரு விளைவை அன்று பலரும் எதிர்பார்க்கவில்லை. தண்ணீர் வரி, வாடகை மதிப்பின் மேல் கட்டப்பட்டது. வாடகை உறைந்தால் அந்த மதிப்பு என்ன ஆகும்? வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கட்டடத்தின் ஆண்டு மதிப்பு, சட்டம் அனுமதிக்கும் நிர்ணய வாடகையைத் தாண்ட முடியாது என்று 1960களின் தொடக்கத்தில் கல்கத்தா மாநகராட்சிக்கும் பத்மா தேவிக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. பின்னர் குண்டூர் நகராட்சி வழக்கிலும், டில்லியின் தீவான் தௌலத் ராய் கபூர் வழக்கிலும் அதே நெறி உறுதிப்பட்டது. சட்டத் தர்க்கம் பழுதற்றது: சட்டப்படி வாங்க முடியாத வாடகையை வாங்கியதாகக் கற்பனை செய்து வரி விதிக்க இயலாது. ஆனால் நகராட்சியின் கருவூலத்தில் அதன் பொருள் வேறு. வைதர்ணா, பாட்சா என்று நீர்த்திட்டங்கள் தொலைவுக்குப் போகப் போகச் செலவு ஏறியது. பழைய கட்டடங்களிலிருந்து வரும் தண்ணீர் வரியோ 1940ஆம் ஆண்டு வாடகையோடு பிணைக்கப்பட்டிருந்தது.

1970களில் உலக வங்கியின் கடனுதவியோடு பம்பாயின் நீர்த்திட்டங்கள் விரிவுபெற்றபோது, வரியிலிருந்து மீட்டருக்கு மாறும் முயற்சி வலுப்பெற்றதை இந்தப் பின்னணியில் காண வேண்டும். நீரைச் சிக்கனப்படுத்துவது ஒரு நோக்கம். வாடகையின் பிடியிலிருந்து நீர் வருவாயை விடுவிப்பது மற்றொன்று. அளந்து வாங்கினால் வாடகை எவ்வளவாக இருந்தால் என்ன?

மீட்டர் எங்கே பொருத்தப்பட்டது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. அது கட்டடத்தின் வாயிலில் பொருத்தப்பட்டது, வீட்டின் வாயிலில் அன்று. நாளுக்குச் சில மணி நேரமே நீர் வரும் நகரில், நீர் முதலில் நிலத்தடித் தொட்டியில் விழுந்து, மின்மோட்டாரால் மாடித் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து பல குழாய்கள் வழியே கீழே இறங்குகிறது. சமையலறைக்கு ஒரு குழாய், குளியலறைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என ஒரே வீட்டுக்குள் பல இடங்களில் நீர் நுழைகிறது. வீட்டளவில் அளக்க வேண்டுமானால் ஒரு வீட்டுக்கே மூன்று நான்கு மீட்டர்கள் வேண்டும். ஆகவே அளவுகோல் மாறியது. ரசீதின் முகவரி மாறவில்லை. கட்டடத்தின் மொத்த அளவு நகராட்சிக்குத் தெரிந்தது. அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பது முன்போலவே உள்விவகாரமாயிற்று.

அந்த உள்விவகாரத்தைத் தீர்க்கக் கையாளப்படும் முறைகளில் எதுவும் முழு நியாயமன்று. மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரித் துணைவிதிகள், ஒவ்வொரு வீட்டிலும் உள்ள குழாய்களின் எண்ணிக்கையையும் அளவையும் கொண்டு தண்ணீர்க் கட்டணத்தைப் பகிரச் சொல்கின்றன. இரண்டு குளியலறை உள்ள வீட்டில் தனியே வாழும் முதியவர், ஒரு குளியலறை வீட்டில் வாழும் அறுவரைவிட அதிகம் செலுத்த நேரும். தலைக்கணக்கில் பகிர்ந்தால் கைக்குழந்தையும் ஒரு தலை. பரப்பளவின்படி பகிர்ந்தால் வெறும் தரையும் நீர் குடித்ததாகிறது. இருந்தும் சங்கத்தில் ஒரு நற்கூறு உண்டு: விதி எழுத்தில் இருக்கிறது, உறுப்பினர் பொதுக்குழுவில் எழுந்து கேட்கலாம். அதே கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவர் உறுப்பினர் அல்லர். தொகையை அவர் தருகிறார். கேள்வியை உரிமையாளர்தான் கேட்க முடியும்.

டில்லி சற்றே வேறுபட்ட வழியில் சென்றது. 1958ஆம் ஆண்டின் டில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கட்டடத்தில் பயன்படுத்திய மின்சாரத்திற்கும் தண்ணீருக்கும் உரிமையாளர் செலுத்திய கட்டணத்தைக் குடியிருப்பவரிடம் திரும்பப் பெறலாம் என்றது. கட்டடத்தின் மேலும் நிலத்தின் மேலும் விதிக்கப்பட்ட வரியை எந்த வகையிலும் அவர்மீது சுமத்தக் கூடாது என்றது. பயன்பாட்டின் செலவு பயன்படுத்துபவருக்கு, சொத்தின் வரி சொத்துடையவருக்கு என்னும் பாகுபாடு அதில் தெளிவாக இருக்கிறது. திரும்பப் பெறலாம் என்ற தொகையும் 'செலுத்திய தொகை' மட்டுமே. அதன்மேல் இலாபம் வைக்க அச்சொற்கள் இடம் தரவில்லை. ஆனால் ஒரு மீட்டரின் கட்டணத்தை நான்கு குடும்பங்களிடையே எப்படிப் பகிர்வது என்பதற்கு அச்சட்டத்திலும் விடை இல்லை.

அந்த விடையின்மையின் விலை 2015இல் வெளிப்பட்டது. டில்லி அரசு அவ்வாண்டு, இயங்கும் மீட்டர் உள்ள வீட்டு இணைப்புக்கு மாதம் 20 கிலோலிட்டர், அதாவது 20,000 லிட்டர் நீரை இலவசமாக்கியது. அளவைத் தாண்டினால் கூடுதலுக்கு மட்டுமன்றி முழுப் பயன்பாட்டுக்கும் கட்டணம். ஐவர் கொண்ட ஒரு குடும்பத்திற்கு இது நாளொன்றுக்குத் தலைக்கு ஏறத்தாழ 133 லிட்டர். இந்திய நகரங்களுக்கு வகுக்கப்பட்ட 135 லிட்டர் என்னும் அளவுக்கு மிக அருகில் வருகிறது. அதே வீட்டின் நான்கு தளங்களில் நான்கு குடும்பங்கள் ஓர் இணைப்பைப் பகிர்ந்தால் தலைக்கு 33 லிட்டரே வரும். இலவச எல்லைக்குள் நிற்க அவர்களால் முடியாது. கூட்டு வீட்டுவசதிச் சங்கங்களின் மொத்த இணைப்பில் வீடுகளின் எண்ணிக்கை கணக்கிலெடுக்கப்பட்டது. தனி உரிமையாளரின் பெயரில் ஒரே இணைப்புள்ள வீட்டின் வாடகைக் குடும்பங்களுக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வந்து சேரவில்லை. எல்லார்க்கும் என்று அறிவிக்கப்பட்ட சலுகை, நெருக்கமாக வாழும் எளியோரிடம் வரும்போது மெலிந்துபோனது. இணைப்பு ஒன்று, குடும்பம் பல என்பதே காரணம்.

மின்சாரத்தில் இதே சிக்கலை அரசு கண்டுகொண்டது. 2019இல் டில்லியில் வாடகைக்கு இருப்போர் தம் பெயரில் முன்பணக் கட்டண மின்மீட்டர் பெறும் திட்டம் அறிவிக்கப்பட்டது. தண்ணீருக்கு அத்தகைய திட்டம் உடன் வரவில்லை. மின்கம்பியைத் தளந்தோறும் பிரிப்பது எளிது; ஒரே தொட்டியிலிருந்து இறங்கும் நீரைப் பிரிப்பது கடினம். இருப்பினும் கருவியின் கடினம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. நகராட்சிக்கும் குடிப்பவருக்கும் நடுவே உரிமையாளர் நிற்பதை 1888 முதல் எல்லாரும் இயல்பென்று ஏற்றுக்கொண்டதும் ஒரு காரணம்.

நடுவில் நிற்க உரிமையாளரே இல்லாதவர்களின் நிலை இந்த முறையின் அடித்தளத்தைக் காட்டுகிறது. மும்பையின் குடிசைப் பகுதிகளில், குறிப்பிட்ட தேதிக்கு முன் குடியேறியதை நிறுவ முடியாதவர்களுக்கு நெடுங்காலம் இணைப்பு மறுக்கப்பட்டது. ஏற்கத்தக்க கட்டடம் இல்லையென்றால் ரசீதுக்கு முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் நீர் இல்லை. அவர்கள் அண்டை இணைப்புகளிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் நீரை விலைக்கு வாங்கினர். பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில் 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், தண்ணீர் பெறும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், குடியிருப்பு சட்டத்திற்குப் புறம்பானது என்பதற்காக அதை முற்றாக மறுக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. சட்டப்பூர்வக் குடியிருப்புகளுக்கு நிகராக வழங்க வேண்டியதில்லை என்ற வரையறையும் அதில் இருந்தது. ஆயினும் நீருக்கான உரிமையைக் கட்டடத்திலிருந்து பிரித்து மனிதரோடு சேர்த்த வகையில் அத்தீர்ப்பு ஒரு திருப்பம்.

2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், தண்ணீரைத் துண்டிக்கக் கூடாது என்ற பழைய விதியை மீண்டும் சொல்கிறது. தண்ணீருக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பதை உரிமையாளரும் குடியிருப்பவரும் செய்யும் உடன்படிக்கைக்கு விட்டுவிடுகிறது. இதற்கிடையில் புதிய அடுக்ககங்களில் துணைமீட்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. தான் செலவிட்ட நீர் எவ்வளவு என்று குடியிருப்பவர் அறிய அவை உதவும், சிக்கனமும் கூடும். ஆனால் துணைமீட்டர் காட்டுவது அளவை மட்டுமே. லாரி நீரின் விலை, மோட்டாரின் மின்செலவு, பராமரிப்பு ஆகியவற்றைக் கூட்டி ஒரு லிட்டருக்கு என்ன விலை வைக்கப்பட்டது என்பதை அது காட்டாது.

1860 முதல் இன்றுவரை வரி மீட்டராயிற்று, மீட்டர் துணைமீட்டராயிற்று. ஒவ்வொரு சீர்திருத்தமும் 'எவ்வளவு' என்ற கேள்வியைத் திருத்தியது. 'யாருக்கு' என்ற கேள்வியைத் தொடவில்லை. வீட்டுக்கு வீடு மீட்டர் பொருத்தப் பழைய கட்டடங்களில் இடமில்லாமல் இருக்கலாம். பணமும் இல்லாமல் இருக்கலாம். நகராட்சி அனுப்பும் ரசீதின் நகலை, கட்டணத்தில் பங்கு தரும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் காட்ட வேண்டும் என்று ஒரு விதி செய்ய இடமும் வேண்டா, பணமும் வேண்டா. சலுகை அளிக்கும்போது இணைப்புகளை எண்ணாமல் அடுப்புகளை எண்ணுவதும் அத்தகையதே. குடிப்பவரை ஒரு தரப்பாக ஏற்பதன் முதற்படி, அவர் எதற்குக் கொடுக்கிறார் என்பதை அவருக்குச் சொல்வதுதான்.